காயாத குளம்படிகள்

நெடுங்கரட்டில் கோமாரி நோய் இறங்கிய அந்தச் சித்திரையில் மாடுகளின் குளம்படிகள் காயாமல் போயின. முதலில் அது ராக்கம்மாள் வீட்டு முற்றத்தில்தான் தெரிந்தது. அவளுடைய சிவப்புப் பசு வாயில் கயிறு கயிறாக எச்சில் வடிய, முன்னங்காலை உதறி உதறித் தொட்டிக்குப் போய், தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியிருந்தது. அது நடந்த சிமெண்டுத் தரையில் குளம்பின் இரண்டு பிளவும் ஈரமாகப் பதிந்திருந்தன. உச்சி வெயில் வந்து சாய்ந்து, மறுநாள் வெயிலும் வந்து சாய்ந்த பிறகும் அந்த ஈரம் அப்படியே இருந்தது. ராக்கம்மாள் துணி போட்டுத் துடைத்தாள். துணி நனையவில்லை, தடமும் போகவில்லை. பினாயில் ஊற்றினாள், பிளீச்சிங் பவுடர் தூவினாள், விளக்குமாறு தேயத் தேய்த்தாள். அதற்குள் உலை கொதித்துவிட்டதால் அரிசியைப் போட உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரத்துக்குள் ஊரெங்கும் தடம் ஓடியது. தார் ரோட்டில் ஓடியது, கோயில் படியில் ஏறி இறங்கியது, ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்றது. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் அதிசயப்பட்டார்கள், மூன்றாம் நாள் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள். பெண்கள் குளம்படியை நடுவில் விட்டுச் சுற்றிலும் புள்ளி வைத்துக் கோலம் போட்டார்கள். அது நன்றாக இருக்கிறது என்று மற்றத் தெருக்காரிகளும் தங்கள் வாசலில் அதே மாதிரி போட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற மினிபஸ் கண்டக்டர் "தடம் ஸ்டாப் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தான். கல்யாண மண்டபத்துக்காரர் தடத்தின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார். முகூர்த்தத்துக்குள் கம்பளத்துக்கு மேலே குளம்படி வந்துவிட்டது. லட்சுமி வந்ததாகச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அதற்குக் குங்குமம் வைத்தார்கள். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவர், தடம் யார் பக்கத்துத் தரையில் இருக்கிறது என்று வழக்குப் பேசி மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மாடுகள் நாக்குத் தோல் உரிந்து, குளம்பு கழன்று தொழுவத்தில் படுத்துக் கிடந்தன.

மாவட்டத்திலிருந்து டாக்டர் பிரிசில்லா வந்து இறங்கியது அப்போதுதான். கால்நடை நோய் எங்கே தொடங்கியது, எந்த வழியாகப் பரவியது என்று துப்புத் துலக்குவதும், அது அடுத்த ஊருக்குப் போகாமல் தடுப்பதும் அவள் வேலை. அந்த வேலையில் பாதி, பொய்யைக் கேட்டுக்கொண்டிருப்பது. மாடு எங்கே வாங்கினீர்கள், எந்தச் சந்தை, யார் வந்து போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். வாங்கவே இல்லை என்பார்கள், நேற்று வாங்கிய மாட்டைக் கட்டிக்கொண்டே. அதனால் ஜீப்பிலிருந்து இறங்கிக் காயாத தடங்களைப் பார்த்ததும் அவள் ஏன், எப்படி என்றெல்லாம் யோசிக்கவில்லை. குனிந்து ஒரு குளம்படியைத் தொட்டுப் பார்த்தாள். நோயின் வழி தரையிலேயே எழுதிக் கிடந்தது.

"முனீசு, இனிமே ஒருத்தரும் நம்மகிட்டப் பொய் சொல்ல முடியாது" என்றாள் டிரைவரிடம், சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷம் அன்று மத்தியானம் வரை இருந்தது.

தடங்கள் மாடு நடக்காத இடத்திலும் இருந்தன. பால் சங்கத்தின் மொசைக் படிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. பால் வேன் போன சாலையில், சக்கரத்தின் கோட்டுக்கு நடுவே வரிசையாக ஓடின. மாட்டின் தடமல்ல இது, நோயின் தடம் என்பது பிரிசில்லாவுக்குப் புரிந்தது. கேனில் போனாலும், டயரில் போனாலும், செருப்பில் போனாலும் அது தன் காலைப் பதித்துக்கொண்டேதான் போயிருக்கிறது. குளம்பின் கூர்முனை, போன திசையைக் காட்டியது. ராக்கம்மாள் வீட்டிலிருந்து அவள் முனைக்கு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினாள். பின்னால் ஊரே நடந்தது. எல்லாத் தெருவின் தடங்களும் பின்னோக்கிப் போய் வாய்க்கால் பாலத்தில் கூடின. பாலத்துக்கு இடப்பக்கம் பெத்தணனின் தரிசுக் காடு. அங்கே ஒச்சம்மாளின் மலைமாடுகள் கிடை போட்டிருந்தன. அறுப்பு முடிந்த நிலங்களில் மாட்டை அடைத்துச் சாணத்தாலும் கோமியத்தாலும் மண்ணை உரமேற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. வருஷாவருஷம் மலையிலிருந்து இறங்கி வருவாள். வலப்பக்கம் மலைக்குப் போகிற சாலை. அந்தச் சாலையில் முதலில் வருவது, பால் சங்கத் தலைவர் குருவையாவின் மாட்டுப் பண்ணை, ஆளுயர இரும்புக் கேட்டோடு.

பாலத்தில் வந்ததும் ஊர் இடப்பக்கம் திரும்பியது.

"இந்தா பாருங்க டாக்டரம்மா, கெடையிலருந்துதான் வந்திருக்கு" என்றான் பெத்தணன். கிடை போட ஒச்சம்மாளை அழைத்து வந்தவனே அவன்தான்.

பிரிசில்லா தரையைக் காட்டினாள். "முனை எந்தப் பக்கம் பாக்குது?"

"கெடைப் பக்கம்."

"அப்ப நோய் கெடைக்குள்ள போயிருக்கா, கெடையிலருந்து வெளிய வந்திருக்கா?"

மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். பெத்தணன் காதைச் சொறிந்தான். "மலைமாடு இல்லீங்களா டாக்டரம்மா. பின்னால பின்னால நடந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தலையாட்டினார், பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார், அந்த ஆட்டம் கூட்டத்தின் கடைசி வரை போனது. மலைமாடு பின்னால் நடக்கும் என்பது அந்தக் கணத்தில் ஊருக்குத் தெரிந்த விஷயமாகிவிட்டது. தான் சின்ன வயதில் அதைக் கண்ணால் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். மலைச் சரிவில் இறங்கும்போது முன்னால் விழுந்துவிடாமல் இருக்கத்தான் அது அப்படிப் பழகியிருக்கிறது என்று வாத்தியார் விளக்கினார். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் தெருவில் பின்னால் நடந்து மலைமாடு விளையாட்டு விளையாடினார்கள். வலப்பக்கம், பண்ணையின் கேட்டிலிருந்து பாலத்தை நோக்கி, முனையெல்லாம் ஊரைப் பார்த்தபடி, ஒரு ஆறு மாதிரி வந்துகொண்டிருந்த தடத்தை யாரும் மிதிக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் திரும்பாமலே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

பிரிசில்லாவுக்குக் காது இரண்டும் சூடேறின. பொய் சொல்கிறவனிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம். கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்கிறவனிடம் என்ன கேட்பது?

கிடையில் ஒச்சம்மாள் ஒரு கன்றுக்குட்டியின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கறுத்து உயர்ந்த பெண். தலையில் துண்டு, கையில் தொரட்டிக் கம்பு. அவளும் அவள் தம்பி சோணையும்தான் மொத்தக் கிடைக்கும் ஆள்.

"பால் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு தாயி. அப்படியே சாஞ்சுருச்சு" என்றாள்.

பிரிசில்லா செத்த கன்றை அறுத்துப் பார்த்தாள். இதயத்தின் மேல் புலியின் உடம்பில் இருப்பது போல வெளுத்த வரிகள் ஓடியிருந்தன. கோமாரி, தாயின் பால் வழியாகக் கன்றுக்குள் போய், நேராக இதயத்தைத்தான் தின்னும். அவள் அதை ஒச்சம்மாளுக்குக் காட்டினாள். ஒச்சம்மாள் அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பண்ணைக் கழுவுதண்ணி இந்த வாய்க்கால்லதான் வருது. அதத்தான் குடிச்சுச்சுக" என்றாள். "நான் சொன்னா யாரு கேப்பா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா மட்டும்?"

குருவையா வீட்டுக் கூடத்தில் தரைக்கு மூன்று முறை டைல்ஸ் மாற்றியிருந்தார்கள். மூன்றிலும் தடம் மேலே வந்துவிட்டதால் கடைசியில் விட்டுவிட்டு, சோபாக்களை மட்டும் தடத்தின் மேல் நகர்த்திப் போட்டிருந்தார்கள். குருவையா நல்ல மனிதர் போலப் பேசினார், காப்பி கொடுத்தார். பிரிசில்லா டம்ளரைத் தொடாமல், பண்ணை மாடு எங்கே வாங்கியது என்று கேட்டாள்.

"வெளி மாநிலத்துச் சந்தை. மாடு அடிமாட்டு வெலைக்கு வந்துச்சு. நோய் இருக்குன்னு சந்தைய மூடப் போறாங்க, அதான் குடுக்கறான்னு தெரியும்" என்றார். "ஏம்மா, நான் என்ன வேணும்னேவா பரப்புனேன்?"

பிரிசில்லா அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். மறுப்பை உடைக்க என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"ஊர்ல எல்லாரும் கெடைமேல பழி போடறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"ஊருக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? எல்லாருக்கும் தெரியும்மா." குருவையா கனிவாகச் சிரித்தார். "தெரிஞ்சு என்ன பண்றது? சாயந்தரமானா எங்கிட்டத்தான பால் ஊத்தணும்."

"ஊத்தக் கூடாது. நோய் அடங்கற வரைக்கும் உங்க வேன் வெளிய போகக் கூடாது. ஊரு ஊரா இது போகறதே உங்க வேன்லதான்."

"வேன் போகும்மா" என்றார் குருவையா. கோபமே இல்லாமல் சொன்னார்.

ஜீப்பில் உட்கார்ந்து அவள் தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வலசை மாட்டால வந்ததுன்னு போட்டு முடிங்க பிரிசில்லா."

"சார், தடம் தரையில கெடக்கு."

"தரையில கெடக்கறதெல்லாம் நாம பாத்துக்கிட்டிருக்க முடியுமா?"

அவள் போனை வைத்துவிட்டு முனீசுவைப் பார்த்தாள். முனீசு ஸ்டியரிங்கைப் பார்த்தான். "தடுப்பூசிப் பெட்டியில ஐஸ் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. அன்றிலிருந்து அவள் நோய் வராத வெளியூர்களில் ஊசி போடத் தொடங்கினாள். எரிகிற காட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி விடுகிற மாதிரி, வெளிவட்டத்திலிருந்து உள்ளே, ஊர் ஊராக. ஒவ்வொரு எல்லையிலும் கிருமி சாகச் சலவைச் சோடாத் தண்ணீரில் சக்கரம் கழுவினாள். ஆனால் அவள் ஊசி போட்டுவிட்டு நகர்ந்த ஊருக்கு, ஊசி உடம்பில் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்னமே பால் வேன் போனது. வேன் போன பாதையில் குளம்படிகள் பளபளத்தன.

நெடுங்கரட்டில் அதற்குள் ஊர்க்கூட்டம் போட்டு, கிடையைக் கிளப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். பழி போக வேண்டுமென்றால் பழிக்கு ஒரு கால் இருக்க வேண்டும், அந்தக் கால் நடந்து ஊரைவிட்டுப் போக வேண்டும். உச்சி வெயிலில் கம்போடும் தகரத்தோடும் போனார்கள். முன்னால் பெத்தணன் போனான். குளம்பு கழன்ற மாடுகள் எழுந்து நிற்கவே முடியாமல் முழங்காலில் ஊன்றின, முழங்காலிலேயே அடித்தார்கள். புழு வைத்த காலைத் தூக்கியபடி, எச்சில் தரையில் இழுபட, மொத்தக் கிடையும் பாலத்தைத் தாண்டி மலைச்சாலையில் ஏறியது. ஒச்சம்மாள் அன்று காலையில் செத்த இன்னொரு கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். புதைக்க விடவில்லை. உன் நோயை எங்கள் மண்ணில் விட்டுவிட்டுப் போகாதே என்றார்கள்.

பிரிசில்லாவின் ஜீப் எதிரே வந்தபோது முதல் மாடுகள் குருவையாவின் கேட்டைத் தொட்டிருந்தன. அவள் இறங்கினாள். தோளில் கன்றோடு வந்த ஒச்சம்மாளைப் பார்த்தாள். பின்னால் கம்போடு வந்தவர்களைப் பார்த்தாள். அவர்களில் பாதிப் பேர் கோலத்துக்கு நடுவே குளம்படி வைத்து வாழ்கிற வீட்டுக்காரர்கள். அவளுக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்தது எங்கேயோ பிடி விட்டது. ஜீப்பின் பானெட்டில் ஏறி நின்றாள்.

"நிறுத்துங்கடா!"

டாக்டர் 'டா' போட்டதில் ஊரே நின்றுவிட்டது.

"நோய் கண்ட மாட்ட ஓட்டறது குத்தம். சட்டத்துல இருக்கு. ஒரு அடி ஓட்டுனீங்கன்னா ஓட்டுனவன் மேல கேஸ் போடுவேன். பேர் பேராப் போடுவேன். மாடு நின்ன எடத்துலயே நிக்கணும். நோய் அடங்கிருச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் இந்த எடத்த விட்டு அசையக் கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் 'இந்த இடம்' எது என்று பார்த்தாள். ஒச்சம்மாளும் பார்த்தாள். மாடுகள் கேட்டின் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, சாலையை அடைத்து, பள்ளத்தில் இறங்கி, மதில் ஓரமெல்லாம் நின்றிருந்தன. ஒச்சம்மாள் தோளில் இருந்த கன்றைக் கேட்டுக்கு நேர் எதிரே இறக்கி வைத்தாள். தலைத்துண்டை உதறி விரித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் கிடைக்குத் தலையான முட்டுக்கொம்புப் பசு கேட்டில் முதுகைச் சாய்த்துப் படுத்தது. ஒவ்வொன்றாக மற்றவையும் படுத்தன.

உள்ளேயிருந்து பால் வேன் ஹாரன் அடித்தது.

"ஏ, மாட்ட நகத்து!" என்று டிரைவர் கத்தினான்.

"நகத்தக் கூடாதாம்" என்றாள் ஒச்சம்மாள். "டாக்டரம்மா உத்தரவு."

அன்றிலிருந்து அடுத்த அமாவாசை வரை அந்தக் கிடை அங்கேதான் இருந்தது. குருவையா போலீஸைக் கூப்பிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து பிரிசில்லா எழுதி வைத்திருந்த உத்தரவைப் படித்தார், மாட்டைப் பார்த்தார், குருவையாவைப் பார்த்தார். ஓட்டுகிறவன் பேரில் கேஸ் என்றால் ஓட்டுகிற முதல் பேர் தன் பேராக இருக்கும் என்று யோசித்து, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். குருவையா பின்பக்க மதிலை இடித்துப் புதுவழி போடப் பார்த்தார். பின்பக்க நிலம் அவருடைய பங்காளியுடையது. அப்பா காலத்திலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. மதிலில் முதல் கல் விழுந்ததும் பங்காளி கட்டிலைக் கொண்டுவந்து அந்த ஓட்டையில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

ஊரில் பால் வாங்க ஆள் இல்லை. முதலில் உறை ஊற்றினார்கள், வெண்ணெய் எடுத்தார்கள், நெய் உருக்கினார்கள். பால் கறக்கிற வீட்டுப் பிள்ளைகள் முதன்முறையாக வயிறு முட்டக் காய்ச்சிய பால் குடித்தார்கள். அப்புறம் பாத்திரம் போதவில்லை. ஒரு நாள் காலையில் திரிந்த பாலைக் குடம் குடமாகச் சுமந்துகொண்டு பெண்களும் ஆண்களும் கேட்டுக்கு வந்து, மாட்டின் கால்களில் சோடாத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த பிரிசில்லாவின் முன்னால் கொட்டினார்கள். அவள் சேலை இடுப்பு வரை நனைந்தது. அதில் ராக்கம்மாளும் இருந்தாள்.

"எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! நீ நல்லா இருப்பியா?"

"ஊத்துங்க" என்றாள் பிரிசில்லா. "இன்னும் இருந்தா கொண்டாந்து ஊத்துங்க. தரையில ஊத்துங்க, எம்மேல ஊத்துங்க. அந்த வேன்ல மட்டும் ஊத்தாதீங்க." பிறகு வாளியிலிருந்த சோடாத் தண்ணீரை எடுத்து, கொட்டிய பாலின் மேலும், தன் மேலும், அவர்களுடைய கால்களின் மேலும் வாரி வாரி ஊற்றினாள். ஒருவரையும் விடவில்லை. ராக்கம்மாளின் பாதத்தைக் குனிந்து பிடித்து, விரலிடுக்கு வரை கழுவிவிட்டுத்தான் அனுப்பினாள். வைதுகொண்டே காலைக் கொடுத்தார்கள்.

வைக்கோலும் தண்ணீரும் ஊசி போட்ட ஊர்களிலிருந்து வந்தன. ஒச்சம்மாள் மாடுகளின் நாக்கில் தேன் தடவினாள், குளம்பில் வேப்பெண்ணெய் விட்டாள், புழுவைக் குச்சியால் தோண்டி எடுத்தாள். சோணை இராப்பகலாக ஈ ஓட்டினான். அப்படியும் கன்றுகள் செத்தன. செத்த ஒவ்வொன்றையும் கேட்டுக்கு எதிரே சாலையோரத்தில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மாடியிலிருந்து குருவையா பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழி மூடியதும் ஒச்சம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்ப்பாள். சில நாள் கழித்து அவர் மாடிக்கு வருவதை நிறுத்தினார்.

வேன் நின்றதும் வெளியூர்ப் பாதைகளில் புதுத்தடம் விழுவது நின்றது. ஊசியின் வட்டத்துக்குள் வந்த நோய்க்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு காலையில் எல்லாத் தடங்களும் காய்ந்து கிடந்தன. முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. கோலத்துக்கு நடுவே வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் பார்த்தார்கள். குருவையா கோயிலில் கூழ் ஊற்றினார். நோய் தீர்த்த வள்ளலே என்று அவர் படம் போட்ட பேனரை மினிபஸ் நிற்கிற இடத்தில் கட்டினார்கள். வெயில் ஏறியதால் தடம் தானே காய்ந்தது என்றும், ஒச்சம்மாளின் கிடையைக் கிளப்பிவிட்டதால் காய்ந்தது என்றும் டீக்கடையில் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டார்கள். அதே வாரத்தில் பிரிசில்லாவுக்கு மாற்றல் வந்தது. வெகுதூரத்து ஊர். மேலதிகாரி போனில் வாழ்த்துச் சொன்னார்; அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

போகிற நாளன்று அவள் ஒவ்வொரு மாட்டின் காலையும் தூக்கிப் பார்த்தாள். புதுக் குளம்பு முளைத்திருந்தது. "இனி நடக்கலாம்" என்றாள் ஒச்சம்மாளிடம். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஊரைப் பற்றி, அந்தப் பேனரைப் பற்றி, தன்னைப் பற்றி. எது சொன்னாலும் கத்தலாகத்தான் வரும் என்று தோன்றியதால் சொல்லவில்லை. ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

கிடை எழுந்து மலைச்சாலையில் நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடப் போகலாம் என்று பிரிசில்லாவும் நடந்தாள். பின்னாலிருந்து ஓட்டமும் நடையுமாக ஒருவன் வந்தான். பெத்தணன். தலையில் சாணி அள்ளுகிற கூடை.

"ஆத்தா, ஏ ஒச்சம்மா! நடந்தத மனசுல வச்சுக்காத." மூச்சு வாங்கியது அவனுக்கு. "தை அறுப்பு முடிஞ்சதும் நம்ம காட்டுக்கே வந்துரு. ஒங்கெடை படுத்த மண்ணு கணக்கா வேற எதுவும் வெளையறதில்ல."

ஒச்சம்மாள் நின்றாள். திரும்பி அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"ஒங்க மண்ணுல இனி என் மாடு பேளாதுய்யா" என்றாள்.

பெத்தணன் சிரித்தான். அதெல்லாம் மாட்டின் இஷ்டம்தானே என்பது போல, கூடையைத் தலையிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கிடையின் பின்னாலேயே நடந்தான். ஊர் எல்லைக்கல் வரை நடந்தான். கடைசி மாடும் கல்லைத் தாண்டிப் போனது. கூடை காலியாகத்தான் இருந்தது.